புதுப் பெயர், புது லோகோ: வட்டார வரலாற்றுச் சங்கத்துக்கு டர்பன் ஸ்டூடியோ ஒன்று செய்த வேலை

சிறு தொண்டு அமைப்புகளுக்கென்றே பெயர், லோகோ, லெட்டர்ஹெட், இணையதளம் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகச் செய்து தரும் டிசைன் ஸ்டூடியோக்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உண்டு. அப்படிப்பட்ட ஸ்டூடியோ ஒன்று, நகரின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் பழைய புகைப்படங்களையும் வாய்மொழிப் பதிவுகளையும் சேர்த்துவரும் ஒரு வட்டார வரலாற்றுச் சங்கத்துக்குச் செய்து முடித்த வேலை இங்கே மதிப்பீட்டுக்கு வருகிறது. இரு தரப்பின் பெயரும் தேவையில்லை. இதே வேலையை நாளை யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்கள் எந்தெந்த இடத்தில் கண் வைக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். லோகோ அருமை. தமிழ் எழுத்து முதல் சுற்றில் படுமோசம். மூன்றாவது சுற்றில் ஒருவழியாகத் தேறியது. கோப்புகளை ஒப்படைத்ததில் குறை சொல்ல முடியாது, ஆனால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில் மட்டும் ஸ்டூடியோவுக்குப் பிடிபாடே இல்லை. காசு வீணானதும் அங்கேதான்.

பேக்கேஜில் இருந்தவை: பெயர் குறித்து இரண்டு அமர்வுகள், மூன்று லோகோ மாதிரிகள், இரண்டு திருத்தச் சுற்றுகள், லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, ஒரு புல்-அப் பேனர், வாட்ஸ்அப்புக்கும் ஃபேஸ்புக்குக்கும் படங்கள், ஐந்து பக்க இணையதளம், லோகோவை எப்படிப் பயன்படுத்துவது என்ற 12 பக்கக் கையேடு. மேற்கோள் விலை வாட் (மதிப்புக்கூட்டு வரி) சேர்க்காமல் கொடுக்கப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில் வாட் 15 சதவீதம். வாட் பதிவு இல்லாத சிறு சங்கத்தால் அந்தத் தொகையைத் திரும்பப் பெற வழியில்லை, அது நேராகச் செலவுக் கணக்கில்தான் விழும். இரண்டு ஸ்டூடியோக்களின் விலையை ஒப்பிடும்போது இரண்டையும் வாட் சேர்த்து எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பெயர்

பழைய பெயர் ஆங்கிலத்தில் ஏழு சொல் நீளம். அதில் 'ஹெரிடேஜ்', 'கல்ச்சுரல்', 'டிரஸ்ட்' மூன்றும் இருந்தன. ஸ்டூடியோ முதல் அமர்விலேயே கேட்ட கேள்வி நல்ல கேள்வி: உங்களைத் தேடி வருகிறவர் கூகுளில் என்ன அடிப்பார்? பதில் எளிது. ஊர்ப் பெயரைத்தான் அடிப்பார். எனவே ஊர்ப் பெயர் முன்னே, 'வரலாற்றுச் சங்கம்' பின்னே. மற்றதெல்லாம் வெட்டு. 'ஹெரிடேஜ் சென்டர்' என்று வைக்கலாமே என்ற யோசனையையும் ஸ்டூடியோவே தள்ளியது. டர்பனில் 1860 ஹெரிடேஜ் சென்டர் ஏற்கெனவே இருக்கிறது. வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையம் இருக்கிறது. இவற்றோடு குழம்பக்கூடிய பெயரைச் சிறு சங்கம் வைத்துக்கொண்டால், அவர்களுக்குப் போக வேண்டிய கடிதம் இவர்களுக்கு வரும், இவர்களுக்கு வர வேண்டிய நன்கொடை அங்கே போகும்.

'டிரஸ்ட்' என்ற சொல்லில் இன்னொரு சிக்கல் இருந்ததை ஸ்டூடியோ கவனிக்கவில்லை. இந்த நாட்டில் தொண்டு அமைப்புக்குப் பொதுவாக மூன்று சட்ட உருவங்கள்: உறுப்பினர்கள் விதிமுறை எழுதிச் சேர்ந்து நடத்தும் சங்கம், உயர் நீதிமன்ற மாஸ்டரிடம் பதிவாகும் டிரஸ்ட், கம்பெனிப் பதிவகமான சி.ஐ.பி.சி.யில் பதிவாகும் லாபநோக்கற்ற கம்பெனி. இது முதல் வகை. பெயரில் 'டிரஸ்ட்' என்று இருந்தால் வங்கி டிரஸ்ட் பத்திரம் எங்கே என்று கேட்கும், இல்லாத பத்திரத்தை எங்கே போய்த் தேடுவது? தமிழில் 'அறக்கட்டளை' என்று எழுதினாலும் அதே கதைதான். 'சங்கம்' என்பது இங்குள்ள தமிழர் வாயில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சொல். சட்டப்படியும் அதுவே சரி.

இத்தனைக்கும் பிறகு முதல் மாதிரியில் தமிழ்ப் பெயர் 'வரலாற்று சமூகம்' என்று வந்து நின்றது. 'சொசைட்டி' என்ற சொல்லை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டதன் விளைவு. 'சங்கம்' என்று திருத்திய பிறகும் 'வரலாற்று சங்கம்' என்றே வந்தது, நடுவில் 'ச்' இல்லை. தமிழ் தெரியாத டிசைனரிடம் இந்த ஒற்று ஏன் வர வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சரியான வடிவத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து, அதையே படமாகவும் எடுத்து, 'இந்தப் படத்தில் உள்ளபடி அச்சு அசலாக வர வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். படம் இல்லாமல் எழுத்தை மட்டும் அனுப்பினால், அவர்கள் கணினியில் அது உடைந்து தெரிந்தாலும் அதுதான் சரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலையும் இப்போதே தீர்மானித்துவிட வேண்டும். சாட்ஸ்வர்த், சாட்ஸ்வொர்த், சட்ஸ்வத் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். 'ஸ்' கூடாது என்பவர்களும் உண்டு. எது என்பதைவிட ஒன்றே ஒன்று என்பது முக்கியம், ஏனென்றால் பிறகு புகைப்படப் பட்டியலில் தேடும்போது மூன்று விதமாகத் தேட வேண்டி வரும். குடும்பப் பெயர்களிலும் இதே தொல்லை. 'கவுண்டர்' என்பது கப்பல் பட்டியல்களிலும் பதிவேடுகளிலும் திரிந்து 'கோவெண்டர்' ஆனது, 'முதலி' 'மூட்லி' ஆனது. படத்துக்குக் குறிப்பெழுதும்போது இன்றைய குடும்பம் தன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதுவது, பழைய வடிவத்தை அடுத்த வரியில் தருவது என்று ஒரு விதி போதும். ஸ்டூடியோவின் 12 பக்கக் கையேட்டில் நிறத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இதற்கு ஒரு வரி இல்லை. சங்கம் தானே ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தது.

சூலு வரியும் உண்டு. வரலாற்றுக்கு சூலுவில் 'உம்லாண்டோ'. பெயரின் கீழே சிறிய எழுத்தில் அது வருகிறது. குவாசூலு-நட்டாலில் ஒரு வட்டார வரலாற்று அமைப்பு தன் பக்கத்து வீட்டுக்காரர் மொழியில் ஒரு சொல்கூட இல்லாமல் பலகை வைப்பது சரியாகவும் இருக்காது, மானியம் கேட்கும் இடத்தில் எடுபடவும் செய்யாது.

கப்பலும் கரும்பும் இல்லாத லோகோ

1860 நவம்பர் 16 அன்று முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்தது. 1911 வரை அப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். இந்த வரலாற்றைச் சொல்லும் எந்த மலரை எடுத்தாலும் அட்டையில் பாய்மரக் கப்பல், அதைச் சுற்றிக் கரும்பு, கீழே ஒரு குத்துவிளக்கு. ஸ்டூடியோவின் முதல் இரண்டு மாதிரிகளும் அதே ரகம். ஒன்றில் கப்பலின் பாய் 'ழ' வடிவில் இருந்தது! தமிழ் என்றால் உடனே 'ழ'வைத் தூக்கிக்கொண்டு வரும் பழக்கம் சென்னை டிசைனர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தால் அது தப்பு.

மூன்றாவது மாதிரிதான் தேர்வானது, நியாயமாகவே. இந்தச் சங்கத்தின் கதை துறைமுகத்தில் தொடங்குவதல்ல. இனவாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் 1950இல் வந்தது. அதன் பிறகு மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து 1960களில் குடியேற்றிய நகர் சாட்ஸ்வர்த். அங்கே அதற்கு முன்பே வாழைத்தோட்டம் போட்டிருந்த இந்தியக் குடும்பங்களின் நிலமும் அதற்காகப் போனது. கட்டி முடித்தபோது வட்டாரத்துக்குப் பெயர் இல்லை, யூனிட் எண். தெருவுக்கும் பெயர் இல்லை, மூன்று இலக்க எண். ஸ்டூடியோ பிடித்தது இந்த நுனியைத்தான். லோகோ ஒரு தெருமுனைக் கம்பம், இரண்டு கைப்பலகைகள். ஒரு பலகையில் ஆங்கிலம், மறு பலகையில் தமிழ். கம்பத்தின் அடியில் சூலுச் சொல். அவ்வளவுதான். ஊர்க்காரர் பார்த்ததும் 'நம்ம ரோடு போர்டு' என்பார். அயலூராருக்கு அது ஒரு வழிகாட்டிப் பலகை. இரண்டும் பொருந்துகிறது.

நிறம்: கரும்பச்சையும் சுண்ணாம்பு வெள்ளையும். மஞ்சள் கலந்த சுடு ஆரஞ்சு ஒன்றும் பேச்சில் இருந்தது. திரையில் கண்ணைப் பறிக்கும் அந்த நிறம் நான்கு வண்ண அச்சில் செங்கல்பொடி மாதிரி மங்கிவிடும் என்று ஸ்டூடியோவே எச்சரித்துக் கைவிட்டது. அதற்கு ஒரு பாராட்டு.

தமிழ் எழுத்தில் எங்கே கோட்டை விட்டார்கள்

டர்பனில் 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது. ஈய எழுத்தைக் கையால் கோத்து அடித்த தமிழ். மூன்று ஆண்டில் தமிழ்ப் பகுதி நின்றுபோனது வேறு கதை. கையால் கோத்த அந்தக் காலத்தில் 'கொ'வின் கொம்பு சரியான இடத்தில்தான் நின்றது. இன்று பெரிய விலை மென்பொருளில் கொம்பு தடம் புரள்கிறது.

காரணம் இதுதான். யூனிகோடில் 'கொ' என்பது முதலில் 'க', பிறகு 'ஒ'வின் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம், காலை வலப்பக்கம் என்று பிரித்து வைப்பது மென்பொருளின் வேலை. டிசைன் மென்பொருள்களான இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் வழக்கமான பத்தி அமைப்பான் இதைச் செய்யாது. இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசர் என்ற அமைப்பானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் அமைப்புகளில் இந்திய எழுத்துக்கான விருப்பங்களைக் காட்டும்படி செய்துவிட்டு, பத்திப் பலகத்தில் தெற்காசியக் கம்போசருக்கு மாற வேண்டும். இது தெரியாத டிசைனர் தமிழை ஒட்டினால், கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் புள்ளி வட்டத்தோடு தொங்கும். முதல் பேனர் மாதிரி அப்படித்தான் வந்தது. தமிழ் தெரியாத கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது என்பதுதான் ஆபத்து.

வேலையைத் தொடங்கும் முன் டிசைனரிடம் இந்த ஒரு வரியைக் கொடுத்து பி.டி.எஃப். ஆக்கித் தரச் சொல்லுங்கள்: 'கொக்கு, கோயில், கௌரி, நூற்றாண்டு, பண்ணை, அணில், ஸ்ரீ, பக்ஷி'. இது ஒழுங்காக வந்தால் மற்றதும் வரும். வராவிட்டால் லோகோ பேச்சையே எடுக்க வேண்டாம்.

அடுத்தது எழுத்துரு. ஆங்கிலத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய நேர்த்தியான எழுத்துரு. தமிழுக்கு விண்டோஸில் கிடந்த லதா. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று கல்யாணத்துக்கு வந்தது போலவும் மற்றொன்று ரேஷன் கடைக்கு வந்தது போலவும் இருந்தது. இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன: முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ். எல்லாம் திறந்த உரிமத்தில் கூகுள் ஃபாண்ட்ஸில் இருப்பவை. அச்சுக்கும் இணையதளத்துக்கும் தனிக் கட்டணம் இல்லை. முதல் மூன்றிலும் ஆங்கிலமும் தமிழும் ஒரே கையால் வரைந்த மாதிரி ஜோடியாக இருக்கும். கடைசியில் முக்த மலருக்கு மாறினார்கள். ஒரே அளவு வைத்தால் தமிழ் பெருத்துத் தெரியும், எனவே ஆங்கிலத்தைவிட ஒரு பத்து சதவீதம் சிறிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டினார்கள். அது சரியான முடிவு. இகரத்தின் கொக்கி மேலேயும் உகரத்தின் சுழி கீழேயும் இடம் கேட்கும்.

எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டு விரித்து எழுதுவது ஆங்கிலப் பெரிய எழுத்தில் அழகு. அதே விரிப்பைத் தமிழுக்கும் கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். சில மென்பொருள்களில் தமிழ் சாய்வெழுத்து இல்லாவிட்டால் நேரெழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும், அதுவும் வேண்டாம். வலியுறுத்த வேண்டிய சொல்லுக்குத் தடித்த எழுத்து போதும்.

ஸ்டூடியோ 'பழமை மணம்' வேண்டுமென்று ஒரு கட்டத்தில் பழைய எழுத்து வடிவங்களையும் இழுத்து வந்தது. ணை, லை, றா போன்றவற்றின் பழைய உருவங்கள், 1978 சீர்திருத்தத்துக்கு முந்தையவை. பழைய மலர்களிலும் கல்லறைக் கற்களிலும் அவை இருக்கின்றன, ஆவணத்தை அப்படியே காட்டும்போது காட்டட்டும். பெயர்ப்பலகையில் எதற்கு? தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமை சனிக்கிழமை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது வேற்றுமொழி.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த வேலையிலேயே கண்ணில் குத்திய குறை. புள்ளி. முக்த மலரில் புள்ளி திடமான பொட்டு. சில எழுத்துருக்களில் அது நடுவில் துளையுள்ள வளையம். பேனரில் இரண்டும் நிற்கும். லோகோவை விசிட்டிங் கார்டில் 12 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கியபோது புள்ளிகள் எழுத்தின் தலையோடு ஒட்டின. சட்டைப் பையில் நூலால் தைத்தபோது முழுதாகவே காணாமல் போயின. தையல் இயந்திரத்துக்கு ஒரு சிறு பொட்டு என்பது இரண்டு மூன்று குத்து, துணி இழுபடும்போது அது பக்கத்து நூலுக்குள் புதைந்துவிடும். பத்துச் சட்டைகளில் நெஞ்சுப் பக்கம் எழுதியிருந்தது இது: 'வரலாறறுச சஙகம'.

தையலில் ஆங்கில எழுத்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் பிழைத்துக்கொள்ளும். தமிழுக்கு 8 கொடுங்கள், புள்ளியை எழுத்திலிருந்து சற்றே விலக்கி, இயல்பைவிடப் பெரிதாக வரைந்து தனிக் கோப்பாக வாங்குங்கள். 18 மில்லிமீட்டருக்குக் கீழே லோகோ போனால் தமிழ் வரியை எடுத்துவிட்டு வெறும் கம்பத்தை மட்டும் போடுவது நல்லது. உடைந்த தமிழைவிட இல்லாத தமிழ் மேல். திருத்திய கையேட்டில் இப்போது இந்த விதி இருக்கிறது. பத்துச் சட்டையின் காசு சங்கத்தின் தலையில்தான் விழுந்தது, மாதிரியில் கையெழுத்துப் போட்டது சங்கம்தானே என்று ஸ்டூடியோ சொல்லிவிட்டது. திரையில் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். தைத்த துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

தமிழ்ப் பிழைகளைத் திருத்தியதையே இரண்டு திருத்தச் சுற்றுகளாகக் கணக்குப் போட்டு, மூன்றாவது சுற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்டதும் நடந்தது. எழுத்து உடைவு, எழுத்துப் பிழை, நிறப் பிழை ஆகியவை திருத்தச் சுற்றில் சேராது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய ஆண்டு மலர்களை இணையதளத்தில் ஏற்றுவதும் பேக்கேஜில் இருந்தது. அவை பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள். பாமினி யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்தின் முகத்தில் தமிழ் முகமூடி போட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் யூனிகோடாகிவிடும், ஆனால் நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் 'தமிழாக்கி' வைக்கும். ஆங்கிலப் பெயர்களும் ஆண்டுகளும் நிறைந்த மலரில் இதைக் கண்ணால் பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும். ஸ்டூடியோ மாற்றியது, திருத்தவில்லை.

வரிசை

பெயர் மாற்றத்தில் பலகையும் பேனரும் கடைசி. முதலில் பொதுக்கூட்டம். விதிமுறையில் சொன்னபடி அறிவிப்பு நாள், கோரம், வாக்கு விகிதம் எல்லாம் பார்த்துத் தீர்மானம். பிறகு சமூக மேம்பாட்டுத் துறையின் என்.பி.ஓ. (லாபநோக்கற்ற அமைப்புகள்) இயக்ககம்: 1997ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டப்படி, தீர்மானத்தின் நகலோடு, அது விதிமுறைக்கும் சட்டத்துக்கும் உட்பட்டது என்று பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்றும் போக வேண்டும். பழைய பதிவுச் சான்றிதழின் அசலையும் கொடுக்க வேண்டும், எனவே அதை அனுப்பும் முன் சான்றளித்த நகல்கள் நான்கைந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சான்றிதழ் வந்த பிறகு வரித் துறையான சார்ஸ். அதற்குப் பிறகு வங்கி. அதற்கும் பிறகுதான் அச்சகம்.

ஸ்டூடியோவின் கால அட்டவணை இதைத் தலைகீழாக வைத்திருந்தது: முதல் மாதமே அறிமுக விழா, லெட்டர்ஹெட், பேனர். விளைவு, மாதக்கணக்கில் சங்கத்துக்கு இரண்டு பெயர். வங்கிக் கணக்கு பழைய பெயரில், கடிதத் தலைப்பு புதுப் பெயரில். லாட்டரி ஆணையத்துக்கோ வேறு நிதியத்துக்கோ விண்ணப்பிக்கும்போது பதிவுச் சான்றிதழ், வங்கிக் கடிதம், வரி விலக்குக் கடிதம் மூன்றிலும் ஒரே பெயர் இல்லையென்றால் விண்ணப்பம் முதல் மேசையிலேயே நிற்கும். நன்கொடையாளர் வரிச் சலுகை பெறக் கொடுக்கும் 18ஏ ரசீதும் அப்படியே. 2023 மார்ச் முதல் ரசீதில் நன்கொடையாளரின் அடையாள எண், முகவரி போன்ற விவரங்கள் கூடுதலாக இருக்க வேண்டும். புது ரசீதை வடிவமைக்கும்போது பழைய ரசீதைப் பார்த்து வரைந்தால் இவை விட்டுப்போகும். இங்கே விட்டுப்போயின.

மேலே சொன்ன 1997ஆம் ஆண்டு என்.பி.ஓ. சட்டம், பதிவு பெற்ற அமைப்பு தன் ஆவணங்கள் எல்லாவற்றிலும் தன் பதிவு நிலையையும் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும் என்கிறது. முதல் லெட்டர்ஹெட்டில் எண் இல்லை. 'டிசைன் சுத்தமாக இருக்கட்டும்' என்று எடுத்தார்களாம். ஐந்நூறு தாள் வீண். சிறு சங்கத்துக்கு லெட்டர்ஹெட் அச்சடிப்பதே தேவையற்றது. வேர்டு டெம்ப்ளேட் ஒன்று போதும், எண் மாறினாலும் முகவரி மாறினாலும் ஒரு நிமிட வேலை.

காப்புரிமை (காப்பிரைட்) பற்றி ஸ்டூடியோ வாயே திறக்கவில்லை. 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் காப்புரிமைச் சட்டத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை காசு கொடுத்தவருக்கு. லோகோவுக்கு அந்தச் சலுகை இல்லை. எழுத்தில், உரிமையாளர் கையெழுத்தோடு மாற்றித் தந்தாலொழிய அது வரைந்தவருடையதே. கடைசித் தவணையைக் கொடுக்கும் அதே நாளில் அந்த ஒரு பக்கக் கடிதத்தை வாங்குங்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோப்புகளும் அப்படியே. எஸ்.வி.ஜி., அச்சுக்கான பி.டி.எஃப்., பின்புலம் இல்லாத பி.என்.ஜி., ஒற்றை நிறத்தில் ஒன்று, கரும்பின்னணிக்கு வெள்ளையில் ஒன்று, வட்டத்துக்குள் அடங்கும் வாட்ஸ்அப் படம் ஒன்று. லோகோவில் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய கோப்பும் வேண்டும், மாற்றாத கோப்பும் வேண்டும். முதலாவது எந்தக் கணினியிலும் உடையாது. இரண்டாவது இல்லாவிட்டால் நாளை ஓர் எழுத்தைத் திருத்தக்கூட மறுபடி வரைய வேண்டும்.

ஆவணங்களின் பக்கம் ஸ்டூடியோவின் கை எட்டாமல் தடுத்தது சங்கத்தின் சாமர்த்தியம். புகைப்படங்களின் பட்டியல் எண்ணில் பழைய பெயரின் முதலெழுத்துகள் முன்னொட்டாக இருக்கின்றன. அதையும் 'ஒரே சீராக' மாற்றித் தருகிறோம் என்று கிளம்பினார்கள். மாற்றியிருந்தால் அட்டைப்பெட்டி மேல் எழுதியது, படத்தின் பின்னால் பென்சிலில் எழுதியது, ஆய்வேடுகளில் மேற்கோளாகப் போனது எதுவும் எதோடும் பொருந்தாது. பழைய எண் பழைய எண்ணாகவே இருக்கும். புதிதாக வருவதற்கு மட்டும் புது முன்னொட்டு. வாய்மொழிப் பதிவுகளுக்கு வாங்கிய ஒப்புதல் படிவங்கள் பழைய பெயரில் உள்ளவை. அவற்றைத் திருத்தக் கூடாது. பெயர்மாற்றத் தீர்மானத்தின் நகலை அந்தக் கோப்பின் முன்பக்கத்தில் வைத்தால் போதும்.

இணையதளம் சுமாருக்கு மேல், நன்றுக்குக் கீழ். பழைய முகவரியிலிருந்து புது முகவரிக்கு நிரந்தரத் திருப்பல் வைத்தார்கள், ஆனால் எல்லாப் பக்கத்தையும் முகப்புக்கே திருப்பினார்கள். தாத்தாவின் படத்துக்கான இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப்பில் வைத்திருந்தவர் அதைத் தொட்டால் முகப்பில் போய் விழுவார். பக்கத்துக்குப் பக்கம் திருப்பல் போடச் சொல்லுங்கள். பழைய டொமைனைக் குறைந்தது ஐந்தாண்டாவது புதுப்பித்து வையுங்கள், கைவிட்டால் யாராவது சூதாட்டத் தளம் வைப்பார்கள். உறுப்பினர்களின் மின்னஞ்சல் பட்டியலை ஸ்டூடியோவின் கணக்கில் ஏற்றியதும் தவறு. 2021 ஜூலையிலிருந்து அமலாகும் பொப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தத் தரவுக்குப் பொறுப்பு சங்கம்தான். வேறொருவர் அதைக் கையாண்டால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

புல்-அப் பேனரின் வழக்கமான அளவு 850க்கு 2000 மில்லிமீட்டர். அதில் தமிழ்ப் பெயரைக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்திருந்தார்கள். முன்னால் மேசை போட்டால் மறைந்துவிடும். கோயில் மண்டபத்தில் எப்போதும் முன்னால் மேசை இருக்கும்.

ரப்பர் ஸ்டாம்ப் பேக்கேஜில் இல்லை, தனியாகச் செய்துகொள்ள வேண்டும். அதில் தமிழ் போட முயல வேண்டாம். பெயர் ஆங்கிலத்தில், என்.பி.ஓ. எண், தேதிக்கு இடம், அவ்வளவு போதும். மை ஊறும் ரப்பரில் புள்ளி முதல் வாரமே அடைத்துக்கொள்ளும்.